வெளிச்சமும் வேணும், உள்ளே தெரியவும் கூடாது

கேள்வி: எங்க வீடு தரைத்தளம். ஹால் ஜன்னல் நேரா தெருவைப் பார்த்து இருக்கு, போறவங்க வர்றவங்க எல்லாம் உள்ளே எட்டிப் பார்க்கறதால கர்ட்டன் மூடியே கிடக்கு, பகல்லயே லைட் போட வேண்டியிருக்கு. மிர்ரர் ஃபிலிம் ஒட்டினா வெளியேருந்து உள்ளே தெரியாதுன்னு சொல்றாங்க, ஒட்டலாமா? – ஒரு வாசகி

பதில்: வேண்டாம்மா. அந்த ஃபிலிம் எந்தப் பக்கம் வெளிச்சம் ஜாஸ்தியோ அந்தப் பக்கத்துலதான் முகம் பார்க்கற கண்ணாடி மாதிரி மறைக்கும். பகல்ல சரி, ராத்திரி நீங்க லைட் போட்டதும் அப்படியே தலைகீழாயிடும், தெருவுல நிக்கறவங்களுக்கு ஹால் முழுக்கத் தெரியும்.

உங்களுக்கு வேண்டியது வெள்ளையா மங்கலா இருக்கற ஃப்ராஸ்டட் ஃபிலிம். இது வெளிச்சத்தை நாலாபக்கமும் சிதற விடும், அதனால உருவம் கலைஞ்சு போகும், ரூம் பெருசா இருட்டாகாது, வெயில் கூசறதும் குறையும். ஆனா தயவுசெய்து முழு ஜன்னலுக்கும் ஒட்டிடாதீங்க! தெருவுல ஒருத்தரை நிக்க வச்சு, எதுவரைக்கும் மறைச்சா அவர் கண்ணுக்கு உள்ளே தெரியலைன்னு பார்த்து ஒரு டேப் ஒட்டிக்கங்க, அதுவரைக்கும் போதும், மேலே வெறும் கண்ணாடியாவே இருக்கட்டும், வானமாவது தெரியும்.

வாடகை வீடுன்னா பசை இல்லாம தானா ஒட்டிக்கற டைப் வாங்குங்க, உரிச்சா கறை இருக்காது. சொரசொரப்பான டிசைன் கண்ணாடின்னா எந்த ஃபிலிமும் சரியா பிடிக்காது.

ஒட்டறதுல பாதி வேலை துடைக்கறதுதான், ஒரு மணல் துணுக்கு இருந்தாலும் அந்த இடம் புள்ளியா தூக்கிட்டு நிக்கும். ஸ்ப்ரே பாட்டில் தண்ணில பாத்திரம் கழுவற லிக்விட் சில சொட்டு விட்டு, கண்ணாடி மேலயும் ஃபிலிமோட ஒட்டற பக்கத்துலயும் சொட்டச் சொட்ட அடிங்க, அப்போதான் ஃபிலிம் வழுக்கும், நிதானமா நகர்த்தி நேராக்கலாம். அப்புறம் வைப்பரால நடுவுலருந்து ஓரத்துக்குத் தள்ளிட்டே வாங்க. ஃப்ரேமைத் தொடாம 1, 2 மில்லிமீட்டர் விட்டு வெட்டுங்க, இல்லைன்னா ஓரம் சுருண்டுக்கும். சின்னச் சின்ன தண்ணிக் குமிழ் சில நாள்ல தானா காஞ்சிடும், பதறாதீங்க.

கர்ட்டனை மட்டும் கழட்டிப் போட்டுடாதீங்க. ராத்திரி லைட் உங்களுக்குப் பின்னாடி இருந்து நீங்க ஜன்னலை ஒட்டி நின்னா நிழலுருவம் வெளியே தெரியும், தள்ளி நின்னா அவ்வளவா தெரியாது. அதனால முழு ரோல் வாங்கறதுக்கு முன்னாடி ஒரு சின்னத் துண்டை ஒட்டி, ராத்திரி லைட்டைப் போட்டுட்டு நீங்களே தெருவுல போய் நின்னு பார்த்துடுங்க.