சிலபஸில் அந்த 9 எதற்கு இருக்கிறது?

கேள்வி: பொறியியல் கல்லூரியில் உதவிப் பேராசிரியராகச் சேர்ந்து இரண்டு மாதம் ஆகிறது. சிலபஸ்தான் எல்லார் போனிலும் இருக்கிறதே, அதை வகுப்பில் உட்கார்ந்து விளக்க வேண்டுமா? பசங்க 'இம்பார்ட்டன்ட் கொஸ்டின்' மட்டும்தான் கேட்கிறார்கள்.

பதில்: அவர்கள் கேட்பதில் தப்பில்லை. சிலபஸை எப்படிப் படிப்பது என்று அவர்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை, அவ்வளவுதான். நமக்கும் யாரும் சொல்லித் தரவில்லை என்பது வேறு கதை.

உங்களுடையது அண்ணா பல்கலைக்கழக இணைப்புக் கல்லூரி என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன். 2021 ரெகுலேஷனில், அதாவது அந்த ஆண்டின் பாடத்திட்ட விதிமுறையில், மூன்று கிரெடிட் தியரி தாள் ஒன்றை எடுங்கள். ஐந்து யூனிட், ஒவ்வொரு யூனிட் தலைப்புக்கும் வலது ஓரத்தில் 9, அதாவது அந்த யூனிட்டுக்கு ஒதுக்கிய பீரியட், கடைசியில் மொத்தம் 45 பீரியட். கண்ணில் பட்டும் படாமலும் போகிற எண் அந்த 9. இப்போது வினாத்தாளைப் பக்கத்தில் வையுங்கள்: டூ மார்க் பத்து, 13 மார்க் ஐந்து, 15 மார்க் ஒன்று. வழக்கமாக யூனிட்டுக்கு இரண்டு டூ மார்க்கும் ஒரு 13 மார்க்கும் வரும், ஆக 17. நீங்கள் ஆற அமர நடத்துகிற முதல் யூனிட்டுக்கும் 17தான், செமஸ்டர் கடைசியில் சனிக்கிழமை ஸ்பெஷல் கிளாஸ் வைத்து ஓட்டுகிற ஐந்தாவது யூனிட்டுக்கும் அதே 17தான். நான் முதல் வருஷம் முதல் யூனிட்டிலேயே 16 பீரியட் உட்கார்ந்துவிட்டு, ஐந்தாவதை மூன்றே பீரியடில் போர்டில் தலைப்புகளை எழுதிப் போட்டு 'போர்ஷன் முடிந்தது' என்று சொன்னவன். விடைத்தாளில் அந்தப் பகுதியைப் பெரும்பாலானோர் தொடவே இல்லை.

அதனால் வெறும் பிடிஎஃப்-ஐ வாட்ஸ்அப்பில் போட்டுவிட்டு விடாதீர்கள். அதை வைத்து ஒரே பக்கத்தில் நீங்களே ஒன்று எழுதுங்கள்: எந்த வாரம் எந்த யூனிட், எந்தத் தலைப்புக்கு எந்தப் புத்தகம், இன்டர்னல் 40 மார்க் எப்படி எப்படிப் பிரிகிறது, எந்த டெஸ்டுக்கு எதுவரை போர்ஷன். பீரியடை 45 என்று கணக்குப் போடாதீர்கள், தீபாவளி, மழை விடுமுறை, சிம்போசியம் எல்லாம் போக 38 கிடைத்தாலே பெரிது. முதல் வகுப்பில் அந்தப் பக்கத்தை நோட்டின் முதல் தாளில் ஒட்டச் சொல்லி, நடத்த நடத்த டிக் போடச் சொல்லுங்கள். ஒருநாள் கிளாஸ் ரெப் எழுந்து, "சார், இது 22ஆவது பீரியட், நாம இன்னும் ரெண்டாவது யூனிட்லதான் இருக்கோம்" என்பான். கொஞ்சம் சுருக்கென்றுதான் இருக்கும், ஆனால் அந்தக் கேள்விக்காகவே அந்தப் பக்கம்.

பாடம் முடிந்ததும் மாணவருக்கு என்ன செய்யத் தெரிய வேண்டும் என்று சொல்கிற கோர்ஸ் அவுட்கம் என்று கீழே ஐந்து வரி இருக்குமே, அதைக் கல்லூரியின் தர அங்கீகாரத்துக்கான அக்ரெடிடேஷன் ஃபைலுக்கானது என்று ஒதுக்கிவிடுகிறோம். அதில் வினைச்சொல்லை மட்டும் பாருங்கள். 'விளக்குதல்' என்றிருந்தால் தியரி, 'பயன்படுத்துதல்' என்றிருந்தால் கணக்கோ வடிவமைப்போ வர வாய்ப்பு அதிகம். இதைக் காட்டினால் இம்பார்ட்டன்ட் கொஸ்டின் எது என்று பாதியை அவர்களே கண்டுபிடித்துவிடுவார்கள்.

அப்புறம், அரியர் வைத்திருக்கும் பையன்களைத் தனியாகக் கூப்பிட்டு எந்த ரெகுலேஷன் என்று கேட்டுவிடுங்கள். பாடத்தின் பெயர் ஒன்றாகவே இருக்கும், 2017க்கும் 2021க்கும் உள்ளே தலைப்புகள் மாறியிருக்கும். ஜூனியரின் நோட்ஸை வாங்கிப் படித்துவிட்டுத் தேர்வு அறையில் முழிப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். பாடக் குறியீட்டை ஹால் டிக்கெட்டோடு ஒப்பிட்டுப் பார்க்க ஒரு நிமிஷம்கூட ஆகாது.