என்னால் சுட முடியுமா?

மதிப்புக்குரிய ஐயா,

எனக்குப் பதினேழு வயது முடிந்து நான்கு மாதம் ஆகிறது. வேலூர் மாவட்டத்தில் ஒரு கிராமம். பன்னிரண்டாம் வகுப்பில் உயிரியல் பிரிவு படிக்கிறேன். எங்கள் ஊர், ராணுவ வீரர்களுக்குப் பெயர்போன கம்மவான்பேட்டை அளவுக்குப் பெயர் பெற்றதல்ல. ஆனாலும் தெருவுக்கு இரண்டு வீடுகளிலாவது சீருடை அணிந்த போட்டோ தொங்கும். அக்னிவீர் தேர்வு எழுதிக் காலாட்படையில் சேர வேண்டும் என்பது என் ஆசை. தினமும் காலை நாலரை மணிக்கு ஏரிக்கரையில் ஓடுகிறேன். 1.6 கிலோமீட்டரை 5 நிமிடம் 50 வினாடியில் முடிக்கிறேன்.

அம்மா ஒரே பிடியாக வேண்டாம் என்கிறார். "உன் மாமாவைப் பார்த்துமா?" என்பதைத் தவிர வேறு காரணம் சொல்வதில்லை. என் தாய்மாமா பதினேழு ஆண்டுகள் ராணுவத்தில் இருந்து ஹவில்தாராக ஓய்வு பெற்றவர். யாரிடமும் அதிகம் பேசமாட்டார். தீபாவளியன்று விடிவதற்கு முன்பே உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். ஞாயிற்றுக்கிழமைதோறும் தன் பழைய பூட்ஸைப் பரணிலிருந்து இறக்கிப் பாலிஷ் போட்டு, மறுபடி செய்தித்தாளில் சுற்றி மேலே வைத்துவிடுவார். அதை அவர் காலில் போட்டு நான் பார்த்ததே இல்லை.

இன்னொன்று. எங்களுக்குப் பயிற்சி கொடுக்கும் அண்ணனிடம் போன மாதம், "எதிரில் நிற்பவனை உண்மையிலேயே சுட வேண்டி வந்தால் கை வருமா?" என்று கேட்டேன். "இப்படிக் கேட்கிறவன் மூட்டை தூக்கத்தான் போக வேண்டும்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அன்றிலிருந்து இன்னும் வெறியோடு ஓடுகிறேன். நான் கோழையா ஐயா?

— வேலூர் மாவட்ட வாசகன்

அன்புள்ள தம்பி,

"இன்னொன்று" என்று கடைசியில் ஒதுக்கி எழுதியிருக்கிறாயே, உன்னைத் தூங்கவிடாமல் செய்வது அதுதான் என்று எனக்குப் படுகிறது. நீ கோழை இல்லை. ஒரு மனித உயிரை எடுக்க வேண்டிவரலாம் என்பதை, அந்த வேலைக்குப் போவதற்கு முன்பே நினைத்துப் பார்த்திருக்கிறாய். சிரித்த பையன்களில் சிலருக்கும் அதே கேள்வி நெஞ்சுக்குள் இருந்திருக்கும். வாய்விட்டுக் கேட்டவன் நீ ஒருவன்தான்.

அந்தக் கேள்விக்கு இன்று உன்னாலோ என்னாலோ பதில் சொல்ல முடியாது. பயிற்சி கையைப் பழக்கும். பக்கத்தில் நிற்கும் தோழனைக் காப்பாற்ற வேண்டும் என்ற உந்துதல் அந்த நொடியில் வந்துவிடும். அதற்குப் பிறகு வரும் வருடங்களை அவரவர்தான் சுமக்க வேண்டும். சிலர் ஆறிவிடுகிறார்கள். சிலருக்குப் பட்டாசுச் சத்தம் பட்டாசுச் சத்தமாகக் கேட்பதில்லை. உன் மாமாவுக்கு என்ன நேர்ந்தது என்று கடிதத்தை வைத்து நான் சொல்லமாட்டேன், அது தவறு. ஆனால் போரையோ வெடிச்சத்தத்தையோ கடந்து வந்தவர்களுக்கு இப்படி ஆவதுண்டு, அதற்கு வயதான பிறகும் சிகிச்சை உண்டு என்பதை உன் அம்மாவிடம் சொல்.

எனக்குக் கவலை தருவது உன் கடைசி வரிகள்தான். "அன்றிலிருந்து இன்னும் வெறியோடு ஓடுகிறேன்." ராணுவ ஆசை உனக்கு முன்பே இருந்தது, அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அந்தச் சிரிப்புக்குப் பதில் சொல்லவும் இப்போது ஓடுகிறாய். இரண்டையும் பிரித்துப் பார். அந்த அண்ணனும் அந்தப் பையன்களும் நாளையே ஊரைவிட்டுப் போய்விட்டால், மறுநாள் நாலரை மணிக்கு எழுந்திருப்பாயா? நேர்மையாக யோசித்து, ஒரு நோட்டில் எழுதி வை. யாருக்கும் காட்ட வேண்டாம்.

சில நடைமுறை விஷயங்களும் உனக்குத் தெரிந்திருக்க வேண்டும். உன் மாமா போன காலத்து ராணுவ வேலையும் அக்னிவீர்களைச் சேர்ப்பதற்காக 2022-இல் அறிவிக்கப்பட்ட அக்னிபத் திட்டமும் ஒன்றல்ல. இது நான்கு ஆண்டுப் பணி. முடியும்போது அதிகபட்சம் 25 சதவீதம் பேரை நிரந்தரப் பணிக்கு எடுத்துக்கொள்வார்கள். மற்றவர்கள் சேவா நிதி என்ற பெயரில் மொத்தமாகத் தரப்படும் சுமார் 11.71 லட்சம் ரூபாயோடு வெளியே வர வேண்டும், ஓய்வூதியம் கிடையாது. அதாவது இருபத்திரண்டு வயதில் நீ வேறு வேலை தேடிக்கொண்டிருக்கலாம். அதற்கும் ஒரு திட்டம் வைத்திருக்கிறாயா?

வயதைப் பற்றியும் ஒன்று. பதினேழரை வயதில் விண்ணப்பிக்கலாம் என்பது உண்மைதான். ஆனால் பதினெட்டு நிறையாதவர்களின் சேர்க்கைப் படிவத்தில் பெற்றோரோ பாதுகாவலரோ கையெழுத்திட வேண்டும். அம்மாவைச் சண்டையிட்டுப் பணிய வைத்து அந்தக் கையெழுத்தை வாங்காதே. இருபது வயதிலும் இந்தக் கதவு திறந்துதான் இருக்கும். நடுவில் கல்லூரியில் சேர்ந்து என்.சி.சி.-யில் இருந்து பார்த்தால், சீருடையும் கட்டளையும் கூட்டு வாழ்க்கையும் உனக்கு ஒத்துவருமா என்று தெரிந்துவிடும். அந்தச் சான்றிதழுக்குத் தேர்வில் கூடுதல் மதிப்பெண்ணும் உண்டு.

நீ உயிரியல் படிக்கிறாய் என்பதால் சொல்கிறேன்: ராணுவத்தில் நர்சிங் அசிஸ்டென்ட் என்றொரு பிரிவு இருக்கிறது. பன்னிரண்டாம் வகுப்பில் இயற்பியல், வேதியியல், உயிரியல், ஆங்கிலம் படித்து, மொத்தத்தில் 50 சதவீதமும் ஒவ்வொரு பாடத்திலும் 40 சதவீதமும் எடுத்திருக்க வேண்டும். அவர்களும் துப்பாக்கி பிடிக்கப் பயின்ற சிப்பாய்கள்தான். காயம்பட்டவனுக்குக் கட்டுப்போடுவது அவர்கள் வேலை. உன்னைக் காலாட்படையிலிருந்து திருப்புவதற்காக இதைச் சொல்லவில்லை. "சுடுகிறவன், இல்லாவிட்டால் கோழை" என்று இரண்டே கட்டங்களை யாரோ வரைந்து உன்னை நடுவில் நிறுத்தியிருக்கிறார்கள். அதை அழித்துவிட்டு யோசி என்கிறேன்.

ஓட்டத்தை நிறுத்தாதே. ஆட்சேர்ப்பின் ஓட்டத் தேர்வில் 1.6 கிலோமீட்டரை 5 நிமிடம் 30 வினாடிக்குள் முடித்தால் முழு மதிப்பெண். இன்னும் இருபது வினாடி குறைக்க வேண்டும், அது உன்னால் ஆகும்.

அம்மாவும் மாமாவும்தான் மிச்சம். மாமாவிடம் போர் பற்றிக் கேட்காதே. எத்தனை பேரைச் சுட்டீர்கள் என்று கேட்கவே கேட்காதே. வருகிற ஞாயிற்றுக்கிழமை அவர் பரணிலிருந்து பூட்ஸை இறக்கும்போது, நீயும் ஒரு பிரஷ்ஷை எடுத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார். ஒன்றை அவர் துடைக்கட்டும், மற்றதை நீ துடை. முதல் நாள் முகாமில் என்ன சாப்பாடு போட்டார்கள், பக்கத்துக் கட்டிலில் இருந்தவர் எந்த ஊர் என்று கேள். அவர் பேசாவிட்டாலும் அடுத்த ஞாயிறு போ. அம்மா அடுப்படியிலிருந்து பார்த்துக்கொண்டுதான் இருப்பார். இரண்டு மாதம் கழித்து எனக்கு மறுபடி எழுது.