ஓடு கழுவுவதும் ஆய்வுதான்

அன்புள்ள எழுத்தாளருக்கு,

பொதுமக்கள் சேர்ந்து நடத்தும் ஓர் அகழாய்வில் தன்னார்வலராகச் சேர்ந்தேன். குழியில் இறங்கித் தோண்டுவேன் என்று நினைத்தால், பானை ஓடு கழுவுவதும் பைகளில் எண் எழுதுவதும்தான் வேலை. ஏன் என்று கேட்டாலும் யாரும் சொல்வதில்லை. நின்றுவிடலாமா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

நிற்காதீர்கள். உங்களை ஓரங்கட்டிவிட்டதாக நினைக்கிறீர்கள், ஆனால் ஆய்வே உங்கள் கையில்தான் இருக்கிறது.

தோண்டுவது என்றால் அழிப்பதுதான். ஒரு மண்ணடுக்கை வெட்டி எடுத்துவிட்டால் அதைத் திரும்ப வைக்க யாராலும் முடியாது, அப்புறம் மிஞ்சுவது வரைபடமும் புகைப்படமும் குறிப்பேடும் நீங்கள் எண் எழுதுகிற அந்தப் பையும்தான். எந்தக் குழி, எந்த அடுக்கு என்பது தொலைந்துபோன ஓடு எவ்வளவு அழகாக இருந்தாலும் பெரிதாக எதையும் சொல்லாது. 1890இல் ஆங்கிலேயத் தொல்லியலாளர் ஃபிளிண்டர்ஸ் பெட்ரி, பழைய குடியிருப்புகள் அடுக்கடுக்காகப் புதைந்து கிடந்த பாலஸ்தீனத்தின் டெல் எல் ஹெசி மேட்டில் கவனித்தது இந்த உடைந்த ஓடுகளைத்தான். அடுக்குக்கு அடுக்கு அவை மாறுவதை வைத்தே ஒரு மேட்டின் காலத்தைக் கணிக்கலாம் என்று காட்டினார்.

கழுவும்போது எல்லா ஓட்டையும் ஒரே மாதிரி தேய்த்துவிடாதீர்கள். உள்பக்கம் கரியோ பிசுக்கோ படிந்த துண்டு வந்தால் பிரஷ்ஷைக் கீழே வைத்துவிட்டுப் பொறுப்பாளரைக் கூப்பிடுங்கள். சமைத்த உணவின் கொழுப்பு பானையின் நுண்துளைகளில் ஆயிரக்கணக்கான ஆண்டுகள்கூடத் தங்கியிருக்கும், அதில் பால் இருந்ததா இறைச்சி வெந்ததா என்பதைப் பல நேரம் ஆய்வகத்தில் கண்டுபிடித்துவிடுகிறார்கள். சரியாகச் சுடாத ஓடு தண்ணீரில் கரைந்தே போகும். விளிம்புத் துண்டு கிடைத்தால் கொஞ்ச நேரம் பாருங்கள், அந்த வளைவை வைத்தே பானையின் வாய் எவ்வளவு அகலம் என்று அளந்துவிடலாம்.

ஆனால் ஒரு விஷயத்தில் நான் முழுக்க உங்கள் பக்கம். இதையெல்லாம் உங்களுக்கு அகழாய்வை நடத்துகிறவர்கள்தான் சொல்லியிருக்க வேண்டும். மக்களோடு சேர்ந்து செய்கிறோம் என்று அழைத்துவிட்டு, வந்தவர்களைச் சம்பளமில்லாத ஆட்களாக மட்டும் நடத்துவது தப்பு. முறை வைத்து எல்லாரையும் குழிக்குள் விடுவார்களா, அறிக்கை உங்கள் கைக்கும் வருமா, கிடைத்த பொருட்கள் கடைசியில் எங்கே போகும் என்று தயங்காமல் கேளுங்கள். பதில் வராவிட்டால் மறுபடியும் கேளுங்கள்.

குழிக்குள் இறங்கும் முறை வரும்போது தரையை விடச் சுவரை அதிகம் பாருங்கள். காய்ந்த மண்ணில் அடுக்குகள் சரியாகத் தெரியாது, பொறுப்பாளரிடம் சொல்லிவிட்டு லேசாகத் தண்ணீர் தெளித்தால் நிறம் மாறும் இடங்கள் எடுப்பாகத் தெரியும்.