அடிக்கும்போது வழுக்கிய பைல் பிறகு அசைய மறுப்பது ஏன்?

அன்புள்ள ஐயா,

களிமண்ணை எவ்வளவு வேகமாகத் தள்ளுகிறோமோ அவ்வளவு அதிகமாக எதிர்க்கும் என்று எழுதியிருந்தீர்கள். எங்கள் தளத்தில் நடந்தது நேர்மாறு. அஸ்திவாரத்துக்காக மண்ணில் அடித்து இறக்கும் தூணான பைல், ஹேமர் அடிக்கு வழுக்கிக்கொண்டு இறங்கியது. இரண்டு வாரம் கழித்து மெதுவாகப் பாரம் ஏற்றிப் பார்த்தால் அசையவே இல்லை. எது சரி?

ஒரு சிவில் இன்ஜினியர்

அன்புள்ள நண்பருக்கு,

இரண்டும் சரிதான். இடையில் மண் மாறிவிட்டது, அவ்வளவுதான்.

முதலில் வேகம். லோட் டெஸ்டில், அதாவது மெதுவாகப் பாரம் ஏற்றிப் பார்க்கும்போது, பைல் நிமிடத்துக்கு ஒரு மில்லிமீட்டர் நகர்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஹேமர் அடியில் நொடிக்கு ஒரு மீட்டர். 60,000 மடங்கு வித்தியாசம். வேகம் பத்து மடங்கு கூடும் ஒவ்வொரு முறையும் களிமண்ணின் வலிமை சுமார் 10 சதவீதம் கூடும் என்பது பொதுவான கணக்கு. மண்ணுக்கு மண் மாறும். அப்படிப் பார்த்தால் எதிர்ப்பு ஏறக்குறைய ஒன்றரை மடங்கு.

அடியின் அலை பைல் வழியே இறங்குவதைக் கணக்கிடும் அலைச் சமன்பாட்டு முறையை ஸ்மித் என்ற பொறியாளர் 1960இல் வெளியிட்டார். வேகத்தால் எதிர்ப்பு எவ்வளவு கூடும் என்பதற்கு அதில் ஒரு தணிப்பு எண் உண்டு. களிமண்ணின் பக்க உராய்வுக்கு வழக்கமாகப் போடுவது மீட்டருக்கு 0.65 நொடி. அதை வேகத்தால் பெருக்கி ஒன்றைக் கூட்டினால், நொடிக்கு ஒரு மீட்டரில் 1.65 மடங்கு வருகிறது, பரவாயில்லை, ஒத்துப்போகிறது. நொடிக்கு மூன்று மீட்டரில் அதே சூத்திரம் கிட்டத்தட்ட 3 மடங்கு என்கிறது! பத்து மடங்குக் கணக்கோ ஒன்றரையை விட்டு அதிகம் நகராது. 1968இல் கிப்சனும் காய்லும் வேகத்துக்கு ஒன்றைவிடச் சிறிய அடுக்கை (power) போட்டது இந்தக் கோளாறைச் சரிசெய்யத்தான்.

சரி, அப்புறம் ஏன் வழுக்கியது? பைல் இறங்கும்போது அதை ஒட்டிய களிமண் பிசையப்பட்டு அதன் கட்டமைப்பு உடைகிறது. துளைநீர் அழுத்தம், அதாவது மண் துகள்களுக்கு இடையே உள்ள நீரின் அழுத்தம், ஏறுகிறது. தண்ணீருக்கு வெளியேற நேரமில்லை. பிசைந்தால் கால்பங்கு வலிமைக்கு இறங்கும் மண் என்றால், கால்பங்கின் ஒன்றரை மடங்கு 0.38தான். வேகம் கூட்டியதைப் பிசைவு விழுங்கிவிட்டது. பிறகு அழுத்தம் வடிய வடிய மண் இறுகுகிறது. பைல் தடிமனாக இருந்தால் இதற்கு மாதங்கள்கூட ஆகும்.

ஆகவே களிமண்ணில் கடைசி அடிகளின் செட்டை, அதாவது அடிக்கு எவ்வளவு இறங்கியது என்பதை, வைத்து ஹேமர் சூத்திரத்தில் தாங்குதிறன் போடுவதை நான் ஏற்பதில்லை. மண் இறுகிய பிறகு ரீஸ்ட்ரைக் செய்யுங்கள், அதாவது மறுபடி சில அடி அடித்து அளந்து பாருங்கள். அப்போதும் கருவி காட்டுவது வேகத்தால் வந்த பங்கும் சேர்ந்த எதிர்ப்பு. அந்தப் பங்கைக் கழிக்க மணலுக்குரிய சிறிய தணிப்பு எண்ணைப் போட்டால், இல்லாத தாங்குதிறன் இருப்பதாக வரும். முதல் சில அடிகளைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். அதற்குமேல் அடித்தால் மண் மறுபடி இளகத் தொடங்கிவிடும்.