மாட்டுக் காசநோய்: உங்கள் கேள்விகள்

மாடு நன்றாகத் தின்கிறது, ஆனாலும் மெலிகிறது. காசநோயா?

இருக்கலாம். வயது என்ன, எத்தனை மாதமாக, கழிச்சல் உண்டா, எதையும் நீங்கள் எழுதவில்லை. விடாத கழிச்சல் என்றால் குடலைத் தாக்கும் ஜோன்ஸ் நோயைத்தான் முதலில் சந்தேகிப்பேன். குடற்புழு மருந்துக்கும் தேறாமல், விடியற்காலைக் குளிரில் இருமி, தாடைக்கு அடியிலோ தோளுக்கு முன்போ நெறி கட்டியிருந்தால், கழுத்துத் தோலில் ஊசி போட்டுத் தடிப்பைப் பார்க்கும் டியூபர்குலின் சோதனை செய்யுங்கள்.

இருமலே இல்லை. பயமில்லைதானே?

உண்டு. வெளியே ஒன்றும் காட்டாமல் வருடக்கணக்கில் நோயைச் சுமக்கும் மாடுகள் ஏராளம். பாலைப் பொங்கக் காய்ச்சாமல் குடிக்காதீர்கள்.

டியூபர்குலின் ஊசி போட்ட மறுநாள் பார்த்தேன், வீக்கம் இல்லை.

மறுநாள் பார்த்து என்ன பயன்? 72 மணி நேரம் கழித்து, தடிமன் அளக்கும் காலிப்பரால் அளக்க வேண்டும். கழுத்துத் தோல் ஊசிக்கு முன்பு இருந்ததைவிட 4 மி.மீ. அல்லது அதற்கு மேல் தடித்திருந்தால் பாசிட்டிவ். நோய் முற்றிய மாட்டிலும், புதிதாகக் கன்று ஈன்றதிலும் தடிப்பே வராமல் ஏமாற்றுவதுண்டு.

பாசிட்டிவ் வந்த மாட்டைச் சந்தையில் தள்ளிவிடலாமா?

இந்தக் கேள்வி மாதம் தவறாமல் வருகிறது. எனக்கும் மாதம் தவறாமல் ரத்தக்கொதிப்பு ஏறுகிறது. உங்கள் கைக்குக் காசு வரும், சரி. வாங்குகிறவர் ஒற்றைக் கறவையை நம்பிப் பிழைப்பவராக இருப்பார். அவர் வீட்டிலும் பால் குடிக்கும் பிள்ளை இருக்கும். பிரிட்டனில் நோய் மாட்டைக் கழித்தால் அரசு இழப்பீடு தருகிறது. இங்கே நஷ்டம் முழுக்க உங்களுடையது, தெரியும். அதற்காக அடுத்தவர் தலையில் கட்டுவதா? தனிக் கொட்டகை, தனித் தொட்டி, தனி வாளி. கன்றுக்கு அந்தப் பால் வேண்டாம். மற்ற மாடுகளையும் சோதித்து, இரண்டு மாதம் கழித்து மறுபடி சோதியுங்கள். மனிதருக்கான காசநோய் மாத்திரை கொடுக்கலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். கூடவே கூடாது. மாதக்கணக்கில் கொடுத்தாலும் கிருமி முழுதாகப் போகாது; மருந்துக்கு அடங்காத கிருமிதான் மிஞ்சும். மாட்டுக் காசநோயை உண்டாக்கும் போவிஸ் கிருமிக்குப் பைராசினமைடு என்ற காசநோய் மருந்து இயல்பிலேயே கேட்காது. அப்புறம், பாலைக் காய்ச்சுங்கள்.

தோட்டத்துக்கு வரும் புள்ளிமானின் கழுத்தில் கட்டி. பிடித்துப் பார்க்கவா?

தொடவே தொடாதீர்கள், வனத்துறைக்குச் சொல்லுங்கள். காசநோயிலும் நெறி வீங்கிச் சீழ் வடியும், வேறு கட்டியிலும் வடியும். தென்னாப்பிரிக்காவின் க்ரூகர் பூங்காவில் நோய் கண்ட எருமைகளைத் தின்ற சிங்கங்களுக்கு முழங்கை வீங்கியது. கழுத்தை மட்டும் பார்த்து முடிவுகட்ட முடியாது.

எங்கள் யானை மெலிகிறது. மாட்டிடமிருந்து தொற்றியிருக்குமா?

வளர்ப்பு யானைக்குப் பெரும்பாலும் வருவது மனிதருக்கு வரும் காசநோய்க் கிருமி. தும்பிக்கையில் உப்புநீர் விட்டு எடுத்துச் சோதிப்பார்கள். ஒரு முறை போதாது, மூன்று நாள் எடுக்க வேண்டும். யானையைப் பற்றி இரண்டு பக்கம் எழுதிவிட்டு, பாகனுக்கு மூன்று மாதமாக இருமல் என்பதைக் கடைசி வரியில் எழுதியிருக்கிறீர்கள். முதலில் அவருக்குச் சளிப் பரிசோதனை.