20 மாதத்தில் வெடித்த பூட்ஸ்: கடைக்காரர் கைவிரிக்க முடியுமா?

கேள்வி: 1981இல் இங்கிலாந்தின் கவென்ட்ரி நகரில் ஒரு தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்தேன். மொட்டைத் தலையும் கனத்த பூட்ஸுமாகத் தெருமுனையில் நிற்கும் ஸ்கின்ஹெட் இளைஞர்களைக் கண்டாலே எதிர்ப்பக்கம் போய்விடுவேன். ஆனால் எனக்கு அடுத்த இயந்திரத்தில் வேலை பார்த்தவனும் ஒரு ஸ்கின்ஹெட்தான். தேநீர் இடைவேளையில் ஜமைக்காப் பாட்டுகளை முணுமுணுப்பான். என் துணிக் காலணியைப் பார்த்துவிட்டு, ஒரு சனிக்கிழமை என்னைக் கடைக்கு அழைத்துச் சென்று, செர்ரிச் சிவப்பில் ஒரு ஜோடி பூட்ஸ் வாங்க வைத்தவன் அவனே. அது 14 ஆண்டுகள் உழைத்தது. அந்த நினைவில், பழம்பெருமை பேசும் ஒரு நிறுவனத்தின் பூட்ஸை இங்குள்ள கடை ஒன்றில் 170 பவுண்டுக்கு வாங்கினேன். 20 மாதத்தில், விரல் மடங்கும் இடத்தில் தோல் வெடித்துவிட்டது. ஓராண்டு உத்தரவாதம் முடிந்துவிட்டது என்கிறார்கள். எனக்கு வழி உண்டா? தரம் உண்மையிலேயே குறைந்துவிட்டதா, அல்லது நினைவுதான் பழையதை மெருகேற்றிக் காட்டுகிறதா? அடுத்த ஜோடியை எப்படிப் பார்த்து வாங்குவது?

— வாசகர், கவென்ட்ரி

பதில்: வழி உண்டு. நிறுவனம் தரும் ஓராண்டு உத்தரவாதம் என்பது சட்டம் உங்களுக்குத் தந்திருக்கும் உரிமைக்கு மேலதிகமானதே தவிர, அதற்கு மாற்றானது அல்ல. 2015ஆம் ஆண்டின் நுகர்வோர் உரிமைச் சட்டத்தின்படி, விற்ற பொருள் திருப்தியான தரத்தில் இருக்க வேண்டும். எவ்வளவு காலம் உழைக்கும் என்பதும் அந்தத் தரத்தில் சேர்ந்ததே. இங்கிலாந்தில் 6 ஆண்டுகள் வரை கோரிக்கை எழுப்பலாம். ஆனால் முதல் 6 மாதம் கடந்துவிட்டதால், குறை தொடக்கத்திலிருந்தே பொருளில் இருந்தது என்று காட்டும் பொறுப்பு இப்போது உங்களுடையது. ஆகவே, காலணி பழுதுபார்க்கும் அனுபவசாலி ஒருவரிடம் காட்டி, வெடிப்புக்குக் காரணம் தோலின் தன்மையா, பராமரிப்புக் குறைவா என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். அதை இணைத்து, தயாரித்த நிறுவனத்துக்கு அல்ல, விற்ற கடைக்கே கடிதம் எழுதுங்கள். முதலில் பழுதுபார்த்துத் தருமாறோ மாற்றித் தருமாறோ கேட்க வேண்டும்; அது நடக்காவிட்டால் பணத்தைத் திரும்பக் கேட்கலாம், ஆனால் நீங்கள் அணிந்த காலத்துக்கு ஒரு பகுதியைக் கழித்துக்கொள்ள அவர்களுக்கு உரிமை உண்டு. விலை 100 பவுண்டுக்கு மேல் என்பதால், கடன் அட்டையில் வாங்கியிருந்தால் அட்டை தந்த வங்கியிடமும் கேட்கலாம்.

இனி, நினைவைப் பற்றிய உங்கள் கேள்வி. நீங்கள் பெயர் குறிப்பிடாத நிறுவனத்தைப் பற்றி நான் எதுவும் சொல்ல இயலாது. ஆனால் இந்த வகைப் பூட்ஸின் வரலாறு ஊரறிந்தது. ஜெர்மானிய மருத்துவர் கிளவுஸ் மார்டென்ஸ் உருவாக்கிய காற்றடைத்த சோலின் உரிமையைப் பெற்று, நார்தாம்ப்டன்ஷயரின் வொலாஸ்டன் ஊரில் கிரிக்ஸ் குடும்பத்தார் டாக்டர் மார்டென்ஸ் என்ற பெயரில் 1960 ஏப்ரல் 1 அன்று வெளியிட்ட, கயிறு கோக்க 8 ஜோடித் துளைகள் கொண்ட பூட்ஸ், அந்தத் தேதியாலேயே (1.4.60) 1460 எனப் பெயர் பெற்றது. தபால்காரரும் ஆலைத் தொழிலாளியும் நாள் முழுதும் நின்று வேலை செய்ய வாங்கிய மலிவான காலணி அது. 1960களின் பிற்பகுதியில், ஜமைக்காவிலிருந்து வந்த இளைஞர்களின் ஸ்கா இசையையும் உடையையும் விரும்பிப் பழகிய லண்டன் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள், அப்பன் வேலைக்குப் போட்ட பூட்ஸையே தங்கள் பெருமையாக அணிந்தார்கள். பின்னர் நேஷனல் ஃபிரண்ட் போன்ற இனவெறி அமைப்புகள் அவர்களில் பலரை இழுத்துக்கொண்டன. நீங்கள் வந்த 1981லேயே கவென்ட்ரியில் இந்திய வம்சாவளி மாணவர் ஒருவர் கொல்லப்பட்டார். அதே ஊரின் த ஸ்பெஷல்ஸ் குழு இனவெறிக்கு எதிராக அங்கே இசை நிகழ்ச்சி நடத்தியது. உங்கள் அச்சமும் நியாயமானது, அந்த நண்பனும் உண்மையானவன்.

பழையதெல்லாம் உயர்ந்தது என்று சொல்லமாட்டேன். அன்று சீக்கிரம் கெட்ட ஜோடிகள் குப்பைக்குப் போய்விட்டன, உழைத்தவை மட்டுமே நினைவில் நிற்கின்றன. ஆயினும் மாற்றம் கற்பனையல்ல. டாக்டர் மார்டென்ஸ் நிறுவனம் 2003இல் தன் உற்பத்தியில் பெரும்பகுதியை ஆசியாவுக்கு மாற்றியது. 2007இல்தான் வொலாஸ்டனில், தனி வரிசையாக, கூடுதல் விலைக்கு, மீண்டும் தைக்கத் தொடங்கியது. இடம் மாறியதைவிட விலைக்கணக்கு மாறியதே முக்கியம் என்பது என் கருத்து: வேலைக்காரனின் காலணி அலங்காரப் பொருளானபோது, தோலில் சேமிக்கும் ஒவ்வொரு பென்னியும் லாபமாகிறது. நல்ல தைப்பு எங்கும் உண்டு, ஆசியாவிலும்தான்.

அடுத்த ஜோடிக்கு முதலில் தோலைக் கவனியுங்கள். வடுக்களை மறைக்க மேல்பரப்பைச் சுரண்டி, மேலே பிளாஸ்டிக் பூச்சு கொடுத்த தோல் கடையில் கண்ணாடி போல மின்னும். ஆனால் பூச்சு மடிப்பில் விரிசல் விட, அதன் வழியே ஈரம் இறங்கி நாரைக் கெடுக்கும்; பூச்சு தடுப்பதால் பாலிஷும் உள்ளே போகாது. பளபளக்கும் தோலெல்லாம் மட்டமில்லை, 1460இன் செர்ரிச் சிவப்பும் மினுங்குவதே. பூச்சின் தடிமனும் அடியில் இருக்கும் தோலுமே கணக்கு. விரல் மடங்கும் இடத்தைக் கட்டைவிரலால் அழுத்துங்கள். நுண்ணிய சுருக்கங்கள் பரவி, விரலை எடுத்ததும் மறைந்தால் நல்லது. ஒரே தடித்த கோடாக மடிந்து, அந்தக் கோடு அப்படியே நின்றால் வேண்டாம். நாக்குப் பகுதியின் வெட்டு விளிம்பையும் பாருங்கள்: தோலின் நார் தெரிய வேண்டும், மேலே ஒட்டிய தாள் போன்ற அடுக்கு தெரியக் கூடாது.

இந்த வகைப் பூட்ஸின் சோல் ஓரத்தில் தெரியும் மஞ்சள் தையலைக் கண்டு மயங்க வேண்டாம். அசல் முறையில் அந்த நூல் மேல்தோலையும் உள்சோலையும், காலணியின் விளிம்பைச் சுற்றி ஓடும் வெல்ட் என்ற பட்டையோடு சேர்த்துப் பிடிக்கும். பட்டையும் அடிச்சோலும் அதன் பிறகு உருக்கி ஒட்டப்படும். சில மலிவுக் காலணிகளில் அது வெறும் அலங்காரத் தையல். புதுச் சோல் போட முடியுமா என்று வாங்கும் முன்பே பழுதுபார்ப்பவரிடம் கேட்டு வையுங்கள்.

அதே வொலாஸ்டனில் 1881இல் தொடங்கிய என்.பி.எஸ். நிறுவனம் சோலோவேர் என்ற பெயரில் இதே வகைப் பூட்ஸைத் தைக்கிறது; 1990களின் நடுப்பகுதி வரை டாக்டர் மார்டென்ஸுக்கு உரிமம் பெற்றுத் தைத்ததும் அதுவே. விலை குறைவல்ல. வொலாஸ்டன் என்ற பெயருக்காக மட்டும் வாங்காமல், அதையும் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள்.