மூடாத கண்

அன்புள்ள அண்ணா,

கொக்குவிலில் இருந்து எழுதுகிறேன். மூன்று நாளுக்கு முந்தி அக்கா காலையில் கிணற்றடியில் வாய் கொப்பளிக்கும்போது தண்ணீர் இடது பக்கத்தால் வழிந்தது. கண்ணாடியில் பார்த்தால் வாய் கோணியிருந்தது. அன்றே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். பாரிசவாதம் இல்லை, முக நரம்பு வாதம் என்று சொல்லிக் குளிசை தந்தார்கள். அது ஸ்டீராய்டு என்று யாரோ சொன்னதில் இருந்து அம்மா நிற்பாட்டச் சொல்கிறார். மினிபஸ் யன்னலோரம் இருந்து வந்தபடியால் காற்று அடித்ததாம், எண்ணெய் பூசினால் போதுமாம். மாமி செய்வினை என்கிறார். அக்கா படிப்பிக்கப் போகாமல் அறைக்குள்ளேயே கிடக்கிறார். பழைய முகம் திரும்புமா?

— ஒரு வாசகி

அன்புள்ள தங்கச்சிக்கு,

டொக்டரைக் கேட்காமல் குளிசையை நிற்பாட்ட வேண்டாம் என்று கடிதம் கண்ட அன்றே பதில் போட்டேன். மிச்சம் மற்ற வீடுகளுக்கும் உதவும் என்பதால் இங்கே எழுதுகிறேன்.

முகத்தை அசைக்கிற நரம்பு, காதை ஒட்டிய எலும்புக்குள் இருக்கும் ஒரு ஒடுங்கிய பாதையால் வருகிறது. மிக ஒடுங்கிய இடத்தில் அது ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை. நரம்பு வீங்கினால் எலும்பு விலகிக் கொடுக்குமா? நரம்புதான் நெரிபடும். உடம்பில் முன்பே உறங்கிக் கிடக்கும் ஹேர்பீஸ் வகை வைரஸ் திரும்ப எழும்புவதால் இப்படி வீங்கலாம் என்று நினைக்கிறார்கள். முக நரம்புகளைப் பற்றி 1821இல் எழுதிய சார்ள்ஸ் பெல் என்ற ஸ்கொட்லாந்துக்காரரின் பெயரால் இதைப் பெல்ஸ் பால்சி என்கிறோம். நாக்கின் முன்பக்க ருசியும் இந்த நரம்பு வழியாகத்தான் வருகிறது. அக்காவுக்குக் குழம்பு சப்பென்று இருந்தாலோ, அந்தப் பக்கக் காதில் சத்தம் பெரிதாகக் கேட்டாலோ பயப்படாதீர்கள். காதில் கொப்புளமும் கடும் வலியும் வந்தால் மட்டும் உடனே திரும்பக் காட்டுங்கள், அது வேறு வைரஸாக இருக்கலாம்.

அந்தக் குளிசை வீக்கத்தை வற்றவைக்கத்தான். 72 மணித்தியாலத்துக்குள் தொடங்கினால் நல்ல பலன். 2007இல் வெளிவந்த ஸ்கொட்லாந்து ஆய்வில் பிரெட்னிசொலோன் என்ற ஸ்டீராய்டுக் குளிசையை 10 நாள் எடுத்தவர்களில் நூற்றுக்கு 94 பேருக்கு ஒன்பது மாதத்தில் முகம் முழுதாகத் திரும்பியது. எடுக்காதவர்களில் 82 பேருக்கு. அம்மா பயப்படுகிற கெடுதல்கள் பெரும்பாலும் மாதக்கணக்கில் எடுப்பவர்களுக்கு வருபவை. அக்காவுக்குச் சீனி வருத்தம் இருந்தால் மட்டும் டொக்டரிடம் சொல்லுங்கள், இந்தக் குளிசை சீனியைக் கூட்டும்.

காற்றைப் பற்றி அம்மாவோடு சண்டை பிடிக்காதீர்கள். சோழகம் அடிக்கிற மாதங்களில் இந்த ஊரில் யாருடைய முகத்தில்தான் காற்று படவில்லை? எண்ணெய் பூசட்டும், கண்ணுக்குள் போகாமல். குளிசையை நிற்பாட்டாமல் இருந்தால் சரி.

அன்றே ஆஸ்பத்திரிக்குப் போனது மிகச் சரி. பாரிசவாதத்தில் பெரும்பாலும் நெற்றி சுருங்கும், இதில் அந்தப் பக்க நெற்றியும் அசையாது. ஆனால் அதை வீட்டில் இருந்து தீர்மானிக்கக் கூடாது. வாய் கோணினால் போகத்தான் வேண்டும். கை கால் சோர்ந்தாலோ நாக்குத் தடுமாறினாலோ நிமிஷம்கூடப் பார்க்காமல் 1990 அம்புலன்ஸுக்கு அடியுங்கள்.

இனி, என்னை இவ்வளவு எழுத வைத்த விஷயம். நான் பள்ளிக்கூடம் போகிற வயதில் என் அம்மாவுக்கும் இது வந்தது. சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டுதான் படலையடிக்கே வருவார். எல்லோரும் வாயைத்தான் பார்த்தார்கள். இரவில் விளக்கு வெளிச்சத்தில் எனக்குத் தெரிந்தது வேறு: இமை மூடாமல், கருவிழி மேலே செருகி, வெள்ளை மட்டும் தெரியத் தூங்குவார். பயந்து போர்வைக்குள் போய்விடுவேன், ஒருவருக்கும் சொல்லவில்லை. இரண்டு மாதத்தில் வாய் நேரானது. காய்ந்து புண்ணான கண்ணில் தழும்பு விழுந்து, கடைசிவரை அந்தக் கண்ணுக்கு எல்லாம் புகைச்சலாகவே தெரிந்தது.

ஆகவே பகலில் செயற்கைக் கண்ணீர்ச் சொட்டு, படுக்கும்போது கண் களிம்பு, அப்புறம் விரலால் இமையை முழுதாக மூடி மெல்லிய பிளாஸ்டர். திறந்த கண்ணில் துணி உரசவே கூடாது. சிவந்தாலோ நொந்தாலோ அன்றே கண் கிளினிக்.

முகம் திரும்புமா என்றால், பெரும்பாலும் திரும்பும். இரண்டு மூன்று கிழமையில் சிறு அசைவு தொடங்கலாம், சிலருக்கு மாதங்கள் செல்லும். மூன்று மாதமாகியும் அசைவே இல்லையென்றால் திரும்பக் காட்ட வேண்டும். அதுவரை அக்காவை உங்களோடு இருத்திச் சாப்பிட வையுங்கள், தேத்தண்ணி வழிந்தால் வழியட்டும். இன்றிரவு அவர் தூங்கிய பிறகு ஒருக்கால் போய், கண் மூடியிருக்கிறதா என்று பாருங்கள்.